நியாயமான சோதனை – 11: வீட்டுப் பாயும் சானடோரியக் கட்டிலும்

1886ஆம் ஆண்டு. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் வடக்கு மலைக்காட்டில் எட்வர்ட் லிவிங்ஸ்டன் ட்ரூடோ என்ற மருத்துவர் பதினைந்து முயல்களை மூன்று கூட்டமாகப் பிரித்தார். முதல் ஐந்துக்குக் காசநோய்க் கிருமியை ஊசியால் ஏற்றி, இருட்டும் ஈரமுமான இடத்தில் அடைத்து, அரைவயிற்றுக்குத் தீனி போட்டார். அடுத்த ஐந்துக்குக் கிருமி ஏற்றவில்லை. ஆனால் வயலுக்கு நடுவே தோண்டிய ஆழமான குழிக்குள் அவற்றை இறக்கி, மேலே பலகை போட்டு மண்ணைத் தள்ளினார். தின்னக் கிடைத்தது சின்ன உருளைக்கிழங்குதான். கடைசி ஐந்துக்கு மறுபடியும் கிருமி. ஏற்றிய கையோடு ஏரிக்கு நடுவே இருந்த ஒரு குட்டித் தீவில் அவற்றை அவிழ்த்துவிட்டார். அங்கே வெயில் உண்டு, காற்று உண்டு, வயிறு நிறையத் தீனியும் உண்டு.

இருட்டில் அடைபட்ட நோய் முயல்களில் நான்கு மூன்று மாதத்துக்குள் செத்தன. தீவில் விடப்பட்ட நோய் முயல்களில் ஒன்று செத்தது, மற்ற நான்கும் துள்ளித் திரிந்தன. குழிக்குள் கிடந்தவை எலும்பும் தோலுமாகிவிட்டன, ஆனால் ஒன்றிலும் காசநோய் இல்லை.

இந்தச் சோதனையில் என்னை மிகவும் கவர்வது அந்தக் குழி முயல்கள்தான். அவை இல்லாமல் போயிருந்தால், “இருட்டும் பட்டினியும்தான் காசநோயை உண்டாக்குகின்றன” என்று சொல்பவருக்கு ட்ரூடோவால் பதில் சொல்லியிருக்க முடியாது. ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்து நான்கே ஆண்டுகள் ஆகியிருந்த காலம் அது. பரம்பரை நோய், கெட்ட காற்றால் வரும் நோய் என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. கிருமி ஒரு மாறி, சூழல் இன்னொரு மாறி என்று இரண்டையும் தனித்தனியாகப் பிரித்து, ஒன்று இருந்து மற்றது இல்லாத நிலையையும் ஏற்படுத்திப் பார்த்தார் ட்ரூடோ. கிருமி இல்லாமல் நோய் வராது. கிருமி வந்த பிறகு சூழல் விதியை மாற்றும். இது அவருக்கு வெறும் ஆராய்ச்சி முடிவாக இருக்கவில்லை. அவரே காசநோயாளி. சாகத்தான் போகிறோம் என்று மலைக்கு வந்து, அங்கே உடல் தேறியவர். சாரனாக் லேக் என்ற ஊரில் நோயாளிகள் தங்கித் தேறுவதற்காக ஒரு சானடோரியத்தைத் தொடங்கிய சூட்டோடு இந்தச் சோதனையையும் செய்தார்.

ஆனால் ‘சூழல்’ என்று அவர் ஒரே சொல்லில் அடக்கியதற்குள் எத்தனை இருக்கின்றன? வெளிச்சம், ஈரம், தீனியின் அளவு, ஓடியாட இடம். தீவு முயல்களைக் காப்பாற்றியது வெயிலா, வயிற்றுச் சோறா? அந்தச் சோதனையால் சொல்ல முடியாது, ஏனென்றால் எல்லாம் ஒன்றாகவே மாறின. ஒரு கூட்டத்துக்கு ஐந்து முயல் என்பதும் மிகச் சிறிய எண்ணிக்கை. இந்தக் கேள்விகளை யாரும் பெரிதாக எழுப்பவில்லை. நல்ல காற்று, நல்ல சாப்பாடு, முழு ஓய்வு ஆகிய மூன்றும் சேர்ந்த பொட்டலமே மருந்து என்று உலகம் எடுத்துக்கொண்டது.

அந்தப் பொட்டலம் நம் பக்கமும் வந்தது. மதனப்பள்ளிக்கு அருகே ஆரோக்கியவரம் சானடோரியம் எழுந்தது. தாம்பரத்தில் 1928இல் டாக்டர் டேவிட் சவுரி முத்து ஒரு சானடோரியத்தைத் தொடங்கினார். 1937இல் அது அரசின் கைக்கு வந்தது. இன்றும் அந்தப் பகுதிக்கும் அங்கே மின்சார ரயில் நிற்கும் நிலையத்துக்கும் சானடோரியம் என்றே பெயர். மரநிழல், திறந்த வராந்தா, வரிசையாகக் கட்டில்கள், பால், முட்டை, மாதக்கணக்கில் படுக்கை. இடம் கிடைத்தவர்கள் பாக்கியசாலிகள். கிடைக்காதவர்கள் பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருந்தார்கள். காத்திருக்கும்போதே இறந்தும் போனார்கள்.

பிறகு மருந்துகள் வந்தன. சென்ற இதழில் பார்த்த 1948ஆம் ஆண்டு பிரிட்டிஷ் சோதனையை நினைவுபடுத்திக்கொள்வோம். ஸ்ட்ரெப்டோமைசின் பெற்ற 55 பேரில் ஆறு மாதத்துக்குள் இறந்தவர்கள் 4 பேர். பெறாத 52 பேரில் 14 பேர். யாருக்கு மருந்து என்பதைப் புள்ளியியலாளர் ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில் சமவாய்ப்பு எண்களைக் கொண்டு தீர்மானித்து, மூடிய உறைகளில் வைத்துக் கொடுத்தார். அந்தச் சோதனையைப் பற்றி அப்போது சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு. இரண்டு குழுவினரும் ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் படுத்திருந்தார்கள். படுக்கை ஓய்வு எல்லோருக்கும் பொது. அப்படித்தான் இருக்க வேண்டும். மருந்தின் பலனைத் தனியாகப் பார்க்க வேண்டுமென்றால் மற்றதெல்லாம் இருபுறமும் ஒன்றாக இருந்தாக வேண்டும். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. எதை மாற்றாமல் வைக்கிறோமோ அதைப் பற்றிச் சோதனை வாய் திறக்காது. கட்டில் தேவையா என்ற கேள்விக்கு லண்டனிடம் பதில் இல்லை. பிரிட்டனில் கட்டில்கள் சென்னையைவிட எவ்வளவோ அதிகம் என்பதால் அந்தக் கேள்விக்கு அங்கே அவ்வளவு அவசரமும் இல்லை.

சென்னையில் அவசரம் இருந்தது. நாட்டில் நோயாளிகள் பல லட்சம், படுக்கைகளோ மிகச் சொற்பம். எத்தனை சானடோரியம் கட்டினாலும் ஒரு தலைமுறைக்குள் அந்தக் கணக்கு நேராகாது. 1952இல் ஐசோனியாசிட் வந்துவிட்டது: விலை குறைவு, ஊசி தேவையில்லை, வாயில் போட்டு விழுங்கலாம். அதனுடன் பி.ஏ.எஸ். என்ற மருந்தையும் சேர்த்துக் கொடுத்தால் கிருமி எளிதில் எதிர்ப்புச் சக்தி பெறாது என்பதும் தெரிந்திருந்தது. அப்படியானால் நோயாளியை வீட்டில் வைத்தே குணப்படுத்த முடியுமா? 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து சென்னையில் ஒரு மையத்தைத் தொடங்கின. பெயர், காசநோய் வேதிமருத்துவ மையம். சேத்துப்பட்டு ஸ்பர் டேங்க் சாலையில் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது அதுதான். முதல் இயக்குநராக வாலஸ் ஃபாக்ஸ் லண்டனிலிருந்து வந்தார்.

கேள்வியைக் கேட்டவுடனே ஒரு சுலபமான வழி தோன்றும். சானடோரியத்தில் இருந்து திரும்பியவர்களின் பதிவேடுகளை எடுப்பது, வீட்டிலேயே மருந்து சாப்பிட்டவர்களின் பதிவேடுகளை எடுப்பது, இரண்டையும் ஒப்பிடுவது. அப்படிச் செய்திருந்தால் முடிவு அபத்தமாகியிருக்கும். சானடோரியத்தில் இடம் பிடித்தவர் யார்? சிபாரிசு உள்ளவர், ஒரு வருஷம் சம்பாதிக்காமல் இருந்தாலும் குடும்பம் தாக்குப்பிடிக்கும் என்ற வசதி உள்ளவர், அல்லது இவரைக் காப்பாற்றிவிடலாம் என்று டாக்டருக்குத் தோன்றியவர். அவர்கள் குணமானால் அது கட்டிலின் புண்ணியமா, அந்த வசதியின் புண்ணியமா? பழைய பதிவேட்டை இன்றைய நோயாளியோடு ஒப்பிட்டால் இன்னொரு குழப்பமும் வரும்: இடையில் மருந்தே மாறியிருக்கும். அதனால்தான் சென்னைக் குழு தன் அறிக்கையின் தலைப்பிலேயே ‘ஒரே காலத்து ஒப்பீடு’ என்று போட்டது.

சளியில் கிருமி இருப்பது உறுதியான, 12 வயதுக்கு மேற்பட்ட, நகரத்தின் ஏழைப் பகுதிகளில் நெருக்கியடித்து வாழ்ந்த நோயாளிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். எல்லோருக்கும் ஒரே மருந்து, ஒரே காலம்: பி.ஏ.எஸ்., ஐசோனியாசிட், ஒரு வருஷம். யார் வீட்டுக்கு, யார் சானடோரியத்துக்கு என்பதைச் சமவாய்ப்பு முறை முடிவு செய்தது.

இந்தப் பிரிப்பு நடக்கும் மேசைக்கு முன்னால் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஒரு பெண் வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். நுரையீரல் இரண்டும் பழுது, இருமினால் ரத்தம், ஒற்றை அறைக் குடிசை, அதற்குள் மூன்று குழந்தைகள். எந்த டாக்டருக்கும் கை தானாகச் சானடோரியச் சீட்டை நோக்கித்தான் போகும். அடுத்து வருபவர் ஓரளவு தெம்பான இளைஞர். இவர் வீட்டிலேயே சமாளித்துக்கொள்வார் என்று தோன்றும். இரண்டுமே இரக்கத்தில் பிறந்த முடிவுகள். ஆனால் இப்படிப் பத்துப் பேரை அனுப்பினால் போதும், சானடோரியத்தில் முற்றிய நோயாளிகளும் வீட்டில் இலேசான நோயாளிகளும் சேர்ந்துவிடுவார்கள். வருஷக் கடைசியில் வீடு ஜெயிக்கும், அந்த ஜெயம் பொய்யாக இருக்கும். சமவாய்ப்பு முறை அந்த இரக்கத்தைக் கட்டிப்போடுகிறது. நோயின் கடுமை, வயது, வறுமை, மனத்திடம் என்று நாம் எண்ணிப் பார்க்கக்கூடியவை மட்டுமல்லாமல் நமக்குப் பெயர் தெரியாத வேறுபாடுகளும் இருபுறமும் ஏறக்குறையச் சமமாகப் பங்கிடப்பட அதைவிட நல்ல வழி இதுவரை கிடைக்கவில்லை.

இது கல்நெஞ்ச வேலை என்று அப்போது சிலருக்குத் தோன்றியிருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெரும்பாலான ஏழைகளுக்குக் கட்டில் எப்படியும் கிடைக்கப் போவதில்லை. வீட்டுக் குழுவுக்கு வந்தவர்களுக்குத் தரமான மருந்து இலவசமாகவும் தொடர்ந்தும் கிடைத்தது. எது நல்லது என்று தெரியாமலே கோடிக்கணக்கானவர்களுக்குக் கொள்கை வகுப்பதைவிட, இருநூறுக்கும் குறைவானவர்களைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துத் தெரிந்துகொள்வது எவ்வளவோ மேல்.

வீட்டுக் குழுவினர் மையத்துக்கு வந்து மருந்து வாங்கிப் போனார்கள். பி.ஏ.எஸ். விழுங்குவதற்குக் கொடுமையான மருந்து. கிராம் கணக்கில் உள்ளே போக வேண்டும், வயிற்றைப் புரட்டும். உடம்பு கொஞ்சம் தேறியதும் நிறுத்திவிடத்தான் யாருக்கும் மனம் வரும். அதனால் சுகாதாரப் பார்வையாளர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீடு தேடிப் போனார்கள். மிச்சமிருக்கும் மருந்தை எண்ணினார்கள். சிறுநீரை வாங்கிச் சோதித்தார்கள், பி.ஏ.எஸ். சாப்பிட்டிருந்தால் அது காட்டிக்கொடுத்துவிடும். வராதவர்களைத் தேடிப் பிடித்தார்கள், வீட்டாரிடம் உட்கார்ந்து பேசினார்கள். மருந்து என்ற மாறி இருபுறமும் ஒன்றுதான் என்று காகிதத்தில் எழுதினால் போதாது. உடம்புக்குள்ளும் அது ஒன்றாக இருக்க வேண்டும். சந்து சந்தாக நடந்த அந்தக் கால்கள்தான் இந்தச் சோதனையைத் தாங்கின என்பேன்.

அடுத்தது அளவுகோல். குணம் என்றால் எது குணம்? எடை கூடுவதா, இருமல் குறைவதா, எக்ஸ்-ரே தெளிவதா, சளியில் கிருமி மறைவதா? இதை முன்கூட்டியே முடிவு செய்யாவிட்டால், வருஷக் கடைசியில் அவரவருக்குப் பிடித்ததை எடுத்துக்கொண்டு வாதாடலாம். சென்னையில் சளியைத் திரும்பத் திரும்ப வாங்கி, ஆய்வகத்தில் கிருமியை வளர்த்துப் பார்த்தார்கள். கிருமி வளர்கிறதா இல்லையா என்பது நோயாளி படுத்திருந்த இடத்தைப் பார்த்து மாறாது. எக்ஸ்-ரே படத்தைப் படிப்பது அப்படியில்லை. அதில் கண்ணோடு ஆசையும் சேர்ந்துகொள்ளும். ஆகவே படம் யாருடையது, வீடா சானடோரியமா என்பது தெரியாத வெளியாள் ஒருவர்தான் அதை மதிப்பிட வேண்டும்.

1959இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் முடிவு வெளிவந்தது. ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டவர்கள் 163 பேர்: வீட்டில் 82, சானடோரியத்தில் 81. ஒரு வருஷ முடிவில் கிருமி அடங்கியவர்கள், வீட்டுக் குழுவில் நூற்றுக்கு 86, சானடோரியக் குழுவில் நூற்றுக்கு 92.

92 பெரிதுதானே, சானடோரியம் ஜெயித்துவிட்டதே என்று கேட்கலாம். எண்ணிக்கையாக மாற்றிப் பாருங்கள்: எண்பது பேருக்கு ஐந்து பேர் வித்தியாசம். ஒரே மாதிரியான 163 பேரை வெறுமனே இரண்டாகப் பிரித்து, இருபுறமும் ஒரே சிகிச்சை கொடுத்தாலும் இந்த அளவு ஏற்ற இறக்கம் சாதாரணமாக வரும். இனி அந்த வித்தியாசத்துக்கு எதிரே என்ன இருக்கிறது என்று பாருங்கள். சானடோரியத்தில் ஓய்வு இருந்தது, சத்தான சாப்பாடு இருந்தது, பக்கத்தில் நர்ஸ் இருந்தார். வீட்டில் இருந்தவர்கள் குறைவாகச் சாப்பிட்டார்கள், அதிகமாக உழைத்தார்கள், நெரிசலில் பாய் போட்டுப் படுத்தார்கள். இவ்வளவு குறை இருந்தும் ஏறக்குறைய சரிக்குச் சரி நின்றார்கள்.

எடையில் மட்டும் பெரிய இடைவெளி. சானடோரிய நோயாளிகள் வீட்டு நோயாளிகளைவிட எவ்வளவோ அதிகமாக எடை கூடினார்கள். இந்த இடத்தில்தான் அளவுகோலின் முக்கியத்துவம் புரியும். அரை நூற்றாண்டாகச் சானடோரியங்கள் தங்கள் வெற்றியைத் தராசில் நிறுத்திக் காட்டி வந்தன. கன்னம் ஒட்டி வந்தவர் பூரித்துப் போகிறார் என்பதுதான் சாட்சி. சென்னைக் குழுவும் தராசை நம்பியிருந்தால் சானடோரியத்துக்கே மாலை விழுந்திருக்கும். எடை கூடியது உண்மை. ஆனால் கிருமி ஒழிந்ததற்கு அது அத்தாட்சி ஆகவில்லை.

இன்னொரு பயம் பாக்கியிருந்தது. வீட்டில் நோயாளியை வைத்தால் குழந்தைகளுக்குத் தொற்றாதா? நோயாளி குணமாகி, பிள்ளைகள் நோயில் விழுந்தால் அந்தக் குணத்துக்கு என்ன மதிப்பு? அதனால் குடும்பத்தினரையும் சேர்த்துக் கண்காணித்தார்கள், முதல் வருஷத்தோடு நிறுத்தாமல் ஐந்து வருஷம் வரை. நோயாளி சானடோரியத்தில் இருந்த வீடுகளோடு ஒப்பிட்டால், நோயாளி கூடவே இருந்த வீடுகளில் நோய் கூடுதலாகத் தாக்கவில்லை. நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே, இருமிக்கொண்டு ஒரே அறையில் வாழ்ந்த மாதங்களில்தான் பெரிய ஆபத்து இருந்தது. சிகிச்சை தொடங்கிய பிறகு பிரித்து வைப்பதால் தடுக்கக்கூடியது அதிகம் மிச்சமில்லை. நோயாளிகளையும் ஐந்து வருஷம் பின்தொடர்ந்தார்கள். நோய் திரும்பியது இரு குழுவிலும் சிலருக்குத்தான்.

உலகம் முழுவதும் சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டதிலும் வேறு வேலைக்கு மாறியதிலும் சேத்துப்பட்டின் இந்த அறிக்கைக்குப் பெரும் பங்கு உண்டு. ஏழை நாட்டில், ஏழைகளிடையே, லண்டனுக்குச் சற்றும் குறையாத கறாரோடு நடந்த சோதனை பணக்கார நாடுகளின் வழக்கத்தையே மாற்றியது. பள்ளிப் பாடப் புத்தகங்களில் ஸ்கர்வி நோயை ஆராய்ந்த ஜேம்ஸ் லிண்டின் எலுமிச்சம்பழத்துக்குக் கிடைத்த இடத்தில் கால்வாசி கூட இதற்குக் கிடைக்கவில்லை என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

அதே சமயம், முடிவைக் கையில் வாங்கியவர்கள் அதை எப்படிப் படித்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். 1962இல் தேசிய காசநோய்த் திட்டம் வந்தது, வீட்டுச் சிகிச்சையே அதன் அடித்தளம். ஆனால் சென்னைச் சோதனையில் வீட்டுக் குழுவுக்குப் பின்னால் நின்ற கண்காணிப்பு அந்தத் திட்டத்தோடு ஊர் ஊராகப் போகவில்லை. மருந்தை எண்ணவும் வராதவரைத் தேடவும் ஆளில்லை. பாதியில் விட்டவர்கள் ஏராளம். சோதனை சொன்னது, நன்றாகப் பராமரிக்கப்படும் வீட்டுச் சிகிச்சை சானடோரியத்துக்கு ஈடாகும் என்பது. ‘நன்றாகப் பராமரிக்கப்படும்’ என்ற நிபந்தனையை அறிக்கை தெளிவாகவே எழுதியிருந்தது. திட்டம் வீட்டை எடுத்துக்கொண்டு நிபந்தனையை விட்டுவிட்டது.

சாப்பாட்டு விஷயத்திலும் அப்படியே. 1961இல் அதே மையத்தின் இன்னொரு கட்டுரை, இந்த நோயாளிகளின் உணவையும் குணத்தையும் ஒப்பிட்டு, தகுந்த மருந்து சாப்பிடும்போது கிருமி அடங்குவதில் உணவு பெரிய வேறுபாட்டை உண்டாக்கவில்லை என்று காட்டியது. அது சரியான முடிவு. ஆனால் காலப்போக்கில் அது “காசநோய்க்குச் சாப்பாடு முக்கியமில்லை” என்று சுருங்கிப் பரவியது. கிருமி அடங்குவது ஒரு கேள்வி. பட்டினி வீட்டில் அடுத்தவருக்கு நோய் வருமா என்பது வேறு கேள்வி, அதற்கு வேறு சோதனை வேண்டும். அதற்கு அறுபது ஆண்டுக்கு மேல் ஆயிற்று. ஜார்க்கண்டில் நோயாளிகளின் குடும்பங்களைச் சமவாய்ப்பு முறையில் பிரித்து, நோயாளிகள் எல்லோருக்கும் உணவு கொடுத்து, ஒரு பகுதியில் மட்டும் குடும்பத்தாருக்கும் சேர்த்து உணவு கொடுத்துப் பார்த்தார்கள். உணவு பெற்ற குடும்பத்தாரிடம் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. 2023இல் ‘லான்செட்’ இதழில் வந்த இந்த ஆய்வை நடத்திய நிறுவனங்களில் சேத்துப்பட்டு நிறுவனமும் ஒன்று. ட்ரூடோவின் தீவு முயல்களிடம் ஒன்றோடொன்று பிணைந்து கிடந்த தீனியும் காற்றும் வெளிச்சமும் இப்படித்தான் ஒவ்வொன்றாகப் பிரிந்து வந்தன.

மறுபடி அன்றைய சென்னைக்கு வருவோம். மையத்தின் முதல் இயக்குநர் வாலஸ் ஃபாக்ஸை அப்போதே வேறொரு தொல்லை பிடித்துக்கொண்டிருந்தது. நோயாளி தன் கையால் மருந்தை எடுத்து ஒழுங்காக விழுங்குவார் என்று நம்பலாமா? 1958லேயே இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். விழுங்குவதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் தினமும் மையத்துக்கு வரச் சொல்ல முடியாது. வாரத்தில் இரண்டு நாள் வரச் சொல்லலாம். ஆனால் வாரம் இரண்டு முறை மருந்து போதுமா? 1964இல் வெளியான இன்னொரு பெரிய சென்னைச் சோதனை இதைத்தான் எடுத்துக்கொண்டது. ஒரு குழுவுக்கு வாரம் இரு முறை மையத்தில் கண்ணெதிரே ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும் ஐசோனியாசிடும். மறு குழுவுக்கு வீட்டில் தினமும் ஐசோனியாசிடும் பி.ஏ.எஸ்.ஸும். கவனித்துப் பாருங்கள்: மருந்து மாறுகிறது, எத்தனை முறை என்பதும் மாறுகிறது, யார் கண்காணிக்கிறார்கள் என்பதும் மாறுகிறது. மூன்றும் ஒன்றாக மாறும் சோதனையை நியாயமானது என்று எந்தத் தைரியத்தில் சொன்னார்கள் என்பதை அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)